மெமரி வாங்கக் கூட வந்த மச்சான்

எங்கள் பக்கத்தில் பெரிய சாமான் எதையும் தனியாகப் போய் வாங்க மாட்டோம். மாடு பிடிக்கப் போனாலும் சரி, மோட்டார் எடுக்கப் போனாலும் சரி, கூட ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போவோம். அந்த ஆளுக்கு ஒரே வேலை, குறை சொல்வது. வாங்கப் போகிறவனுக்கு ஆசை கண்ணை மறைத்திருக்கும். கூட வந்தவன் மாட்டின் வாலைத் தூக்கிப் பார்ப்பான், வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பான், "என்னமோ எனக்குத் திருப்தியா இல்ல" என்று உதட்டைச் சுழிப்பான். அதற்குத்தான் அவனுக்கு டீயும் வடையும்.

எங்கள் திருச்சுழியில் இந்த வேலைக்கு என் மனைவியின் அண்ணனை மிஞ்ச ஆள் கிடையாது. நூலும் ஜரிகையும் வாங்கி விற்கும் தரகர். "நான் கடைக்குள்ள நுழைஞ்சாலே கடைக்காரனுக்குத் தண்ணி தவிக்கும் மாப்ள" என்று அவரே சொல்லிக்கொள்வார். மனிதர் தங்கம். ஆனால் அவர் நம்புகிற சாமான் என்று ஒன்றை நான் இன்றுவரை பார்த்ததில்லை. வீட்டில் காப்பி கொடுத்தால்கூட முதல் வாயைக் குடித்துவிட்டு டம்ளரை ஒரு தரம் உற்றுப் பார்ப்பார். அப்படிப்பட்டவரைத்தான் கம்ப்யூட்டருக்கு மெமரி வாங்க அருப்புக்கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

மெமரி என்றால் உள்ளே சொருகுகிற ரேம். அது எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். என் மனைவி சேலை டிசைன் போடுகிறவள். பார்டர், முந்தி, உடலில் வரும் பூ எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைவாள். ஒரு கட்டம் என்றால் தறியில் ஒரு நூல் ஏறும் அல்லது இறங்கும். வரைந்து சேமித்த கோப்பை அப்படியே தறியில் ஏற்றினால் தறி அதைப் பார்த்து நெய்துகொண்டே போகும். ஒரு கட்டம் தப்பினாலும் வரக்கூடாத இடத்தில் ஜரிகை தலையை நீட்டும். அது ஒரு இடத்தோடு நிற்காது, அந்தப் பூ வருகிற இடமெல்லாம் வரும்.

அருப்புக்கோட்டையில் தறிக்கூடம் வைத்திருக்கும் ஒரு முதலாளிக்குத்தான் அவள் வேலை செய்தாள். கோப்பை மெயிலில் அனுப்பினால் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். "பறந்து வர்றத நான் நம்புறதில்ல" என்பார். அதனால் நான்தான் பென்டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வண்டியில் போய்க் கொடுத்துவிட்டு வருவேன்.

அந்த வருஷம் கல்யாணச் சேலைகளுக்கு அகலமான முந்தி கேட்டார். முந்தி நிறைய மயில்கள். எங்கள் பழைய கம்ப்யூட்டரால் அந்த மயில்களைத் தூக்க முடியவில்லை. ஒரு மயிலை நகர்த்தினால் திரை அப்படியே நின்றுவிடும். இவள் கையை மடியில் வைத்துக்கொண்டு, "அது மூச்சு வாங்கிட்டு வரட்டும்" என்று உட்கார்ந்திருப்பாள். இந்த முந்திகளை ஒழுங்காக முடித்துக் கொடுத்தால் இனி எல்லா டிசைனும் அவளுக்குத்தான் என்று முதலாளி சொல்லியிருந்தார். முடியாவிட்டால் மதுரையில் ஆள் இருக்கிறது என்றும் சேர்த்துத்தான் சொன்னார். வீட்டை விட்டு நகராமல், தான் கற்றுக்கொண்ட கைத்தொழிலை வைத்து அவள் ஊன்றி நிற்கிற ஒரே வேலை அது.

கம்ப்யூட்டர் விஷயத்தில் நான் வீடியோ பார்த்துத் தேறியவன். மெமரி போதவில்லை என்பது எனக்குப் புரிந்தது. எந்தக் கம்பெனி மெமரி என்பதில்தான் மாட்டிக்கொண்டேன். ஒரு வீடியோவில் ஒருவர் பெரிய பெயருள்ளதை மட்டும் வாங்குங்கள் என்கிறார். கீழே அதை வாங்குவதற்கு அவரே லிங்க் கொடுத்திருக்கிறார். இன்னொருவர் பெயருக்கு ஏன் பணம் கொடுக்கிறீர்கள், விலை குறைந்ததே போதும் என்கிறார். அவருடைய லிங்க்கும் கீழே இருக்கிறது. யாருக்கு யார் என்ன கொடுத்தார்களோ என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மச்சானைக் கூப்பிட்டேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடை. கடைக்காரர் எங்கள் கம்ப்யூட்டரின் விவரத்தைக் கேட்டுவிட்டு மேசைமேல் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று அழகான அட்டைப்பெட்டிக்குள் இருந்தது. மெமரிக்கு மேலே கறுப்புத் தகடு போர்த்தி, கோட்டுச் சட்டை போட்ட மாப்பிள்ளை மாதிரி. இன்னொன்று பிளாஸ்டிக் உறைக்குள் வெறும் பச்சைக் கட்டையாக, சில்லெல்லாம் வெளியே தெரிய இருந்தது. தகடு போட்டது ஒன்றரை மடங்கு விலை.

கடைக்காரர் பச்சையைத்தான் எங்கள் பக்கம் தள்ளினார். இரண்டிலும் இருக்கிற சில்லு விரல்விட்டு எண்ணுகிற அளவு கம்பெனிகளில் செய்து வருவதுதான் என்றார். தகட்டுக்கும் பெட்டிக்கும் பெயருக்கும்தான் கூடுதல் விலை. தகடு போட்டது வேகமாக ஓடும் என்பது உண்மை, ஆனால் எங்கள் பழைய கம்ப்யூட்டர் அந்த வேகத்தைக் கொடுக்காது. அளவும் வேகமும் பழைய மெமரியோடு ஒத்துப்போகிறதா, வாரண்டி எத்தனை வருஷம், கெட்டுப்போனால் யார் மாற்றிக் கொடுப்பார், இதைத்தான் பார்க்க வேண்டும் என்று சொன்னார். இப்போது யோசித்தால் அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

அன்றைக்கு அது எங்கள் காதில் ஏறவில்லை. மச்சான் என் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார்.

"மாப்ள, வெல கம்மியானத ஒருத்தன் வலிய வந்து தள்ளுறாம்னா, அது அவன் கடையில கெடந்து அவன் உயிர வாங்குதுன்னு அர்த்தம்."

"வாரண்டி இருக்குங்காரே மச்சான்."

"இருக்கும். நாளைக்கு இந்தக் கடை இருக்குமா?"

உள்ளே திரும்பிப் போனோம். தகடு போட்டதையும் அவர் விடவில்லை. பெட்டியின் ஓரத்தில் பசை இரண்டு தரம் ஒட்டிய மாதிரி இருக்கிறதே என்றார். தகட்டுக்கு அடியில் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும் என்றார். போன வருஷம் நல்ல கம்பெனிச் சாக்கில் மட்ட விதையைப் போட்டுத் திரும்பத் தைத்து விற்றவனைப் பற்றிச் சொன்னார். கடைக்காரர் உண்மையிலேயே தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தார். கடைசியில் இரண்டு சந்தேகத்தில் எடை கூடுதலாக இருந்த சந்தேகத்தையே வாங்கினோம். இரண்டையும் இரண்டு உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்து, கனமானது இதுதான் என்று தகட்டுக்காரனை மச்சான் எடுத்துக்கொண்டார்.

சித்திரை வெயில். நான் வண்டியை ஓட்ட, மச்சான் பின்னால் உட்கார்ந்து வந்தார். கரிசல் காடு வெடித்துக் கிடந்தது. ரோட்டோரத்துக் கருவேல மரத்துக்குக்கூட நிழல் இல்லை. வழியில் அவர் பேசவே இல்லை. பேசாமல் வருகிற ஆள் இல்லையே என்று நினைத்தேன். வீட்டு வாசலில் இறங்கியபோதுதான் பார்த்தேன். பெட்டி அவர் இடது கையில் இருந்தது, மெமரி வலது கைக்குள் இருந்தது. கையை விரித்து, மெமரியின் ஓரத்தில் வரிசையாக இருக்கும் மஞ்சள் பற்களை வெளிச்சத்தில் பார்த்து, "அசல்தான், போடு" என்று என்னிடம் கொடுத்தார். வெயில் பட்ட சூட்டுக்கு அது வெதுவெதுப்பாக இருந்தது. நான் ஒன்றும் யோசிக்கவில்லை, பழைய மெமரிக்குப் பக்கத்தில் சொருகினேன்.

கம்ப்யூட்டர் அன்றைக்கு ஓடிய ஓட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். மயில்கள் சொன்ன இடத்துக்கு நகர்ந்தன. திரை ஒரு தரம்கூட நிற்கவில்லை. இவள் அண்ணனுக்கு முறுக்கு சுட்டுக் கொடுத்தாள். "காசு போனாலும் பொருள் பொருள்தான்" என்று அவர் கடித்துக்கொண்டே சொன்னார். முறுக்கையும் ஒடித்து உள்ளே பார்த்துவிட்டுத்தான் தின்றார்.

முதல் முந்தி தறியில் இறங்கியது. கொஞ்ச நாளில் முதலாளி கூப்பிட்டார். போனேன். மேசைமேல் சேலையை விரித்துப் போட்டு, கட்டை விரலை ஒரு இடத்தில் வைத்தார். மயிலின் கழுத்தில், பட்டு நிறத்துக்கு நடுவில், ஒரு புள்ளி ஜரிகை. கொசு உட்கார்ந்த மாதிரி. பக்கத்து மயிலிலும் அதே இடத்தில் இருந்தது.

"ஒங்க வீட்டம்மா கண்ண டாக்டர்கிட்டக் காட்டுனீங்களா?" என்றார்.

தறியில் ஏதாவது தட்டியிருக்கும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். தறி தட்டினால் ஒரு மயிலில்தான் வரும், எல்லா மயிலுக்கும் ஒரே இடத்திலா மச்சம் வைக்கும் என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஒரு கை இரண்டு இடத்துக்கு வேலை பார்த்தால் இப்படித்தான் வரும் என்றார். எங்கள் வீட்டில் அவருக்குத் தெரியாமல் வேறு ஒருவருக்கும் டிசைன் போகிறது என்பது அவர் கணக்கு. என்னை ஏறிட்டுப் பார்த்த பார்வையில், என் சட்டைப்பையில் இன்னொரு பென்டிரைவ் இருக்கிறதா என்று தேடினார்.

"இன்னொரு சேலையில இப்படி வந்துச்சுன்னா நான் பேச மாட்டேன். மதுரைக்குக் குடுத்துட்டுப் போயிக்கிட்டே இருப்பேன்."

வீட்டுக்கு வந்து, கண் பற்றிச் சொன்னதை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் சொன்னேன். ஆனால் அவள் கம்ப்யூட்டரில் அந்தக் கோப்பைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தபோது, புள்ளி அங்கேதான் இருந்தது. அவள் சேமித்த கோப்பு, அவள் கை வேலை. முகம் செத்துப்போய்விட்டது.

அதற்குப் பிறகு வீட்டில் எல்லோரும் எல்லோரையும் சந்தேகப்பட்டோம். தறிக்காரன் காசு வாங்கிக்கொண்டு கெடுக்கிறானோ என்று மச்சானுக்குச் சந்தேகம். முதலாளியே கூலியைக் குறைக்க நாடகம் ஆடுகிறாரோ என்று எனக்கு. பென்டிரைவையும் மாற்றிப் பார்த்தேன். மெமரியை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை. அது வந்த பிறகுதானே வண்டி ஓடுகிறது.

இவளோ யாரையும் குறை சொல்லவில்லை. தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்தாள். சாயங்காலம் ரோட்டில் நின்று, தூரத்தில் வருகிற பஸ்ஸின் போர்டைப் பார்த்து, "காரியாபட்டிதான?" என்று என்னிடம் கேட்பாள். நான் ஆமாம் என்றால் கொஞ்சம் மூச்சு விடுவாள். ஊசியில் நூல் கோப்பதற்கு ஜன்னல் பக்கம் போகாமல் இருட்டான மூலையில் நின்று கோத்துப் பார்ப்பாள். எதற்கு இதெல்லாம் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டிவரும் என்று அவளுக்கும் பயம், எனக்கும் பயம்.

அடுத்த முந்தியைக் கட்டம் கட்டமாக, விரலால் திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து முடித்தாள். ஒரு குறையும் இல்லை என்று மூடினாள். மறுநாள் மதியம் சாப்பிட உட்காரப்போன என்னைக் கூப்பிட்டாள். சத்தமாகக் கூப்பிடவில்லை, பாம்பைப் பார்த்தவர்கள் கூப்பிடுகிற மாதிரி மெதுவாக.

"ஏங்க, இங்க வாங்க. எங் கையப் பாத்துக்கங்க. நான் எதையும் தொடல."

கோப்பு திறந்திருந்தது. மயிலின் தோகையில் ஒரு புள்ளி. நேற்று அங்கே இல்லை என்றாள். எதையும் சேமிக்காமல் மூடினாள். மறுபடி திறந்தாள். தோகையில் புள்ளி இல்லை, காலடியில் ஒன்று இருந்தது. மூடினாள், திறந்தாள். இந்தத் தடவை எங்கேயும் இல்லை. நான்காவது முறை மயிலின் கண்ணிலேயே உட்கார்ந்திருந்தது.

"அப்ப எங் கண்ணு இல்ல" என்றாள். எழுந்து போய் முகத்தைக் கழுவினாள். வெகுநேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

திறக்கிறபோதே கோப்பு மாறுகிறது என்றால், அதைத் தாங்கிப் பிடிக்கிற மெமரிதான் பொய் சொல்கிறது. அந்த அளவுக்கு என் வீடியோ படிப்பு போதும். மச்சானுக்குப் போன் போட்டேன். அவருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கள்ளப் பொருளைத் தலையில் கட்டிவிட்டான், தகட்டைக் கத்தியால் நெம்பித் திறந்து பார்ப்போம் என்றார். நான் மெமரியை ஒளித்து வைத்துவிட்டேன்.

கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. மெமரியை வாங்கியதும் முதலில் அதன் சீரியல் நம்பரைத் தன் பில்லோடு ஒத்துப் பார்த்தார். நல்லதை எடுத்துக்கொண்டு கெட்டதைக் கொண்டுவந்து கொடுக்கிறோமோ என்று அவருக்குச் சந்தேகம். இது அவர் விற்றதுதான் என்று தெரிந்த பிறகும், உங்கள் கம்ப்யூட்டரில்தான் கோளாறு என்றார். மச்சான் ஸ்டூலை இழுத்துப் போட்டு, சோதித்துக் காட்டாமல் நகர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். கடைக்காரர் வேண்டாவெறுப்பாகத் தன் கம்ப்யூட்டரில் அதைச் சொருகி, மெமரியைச் சோதிக்கிற ஒரு புரோகிராமை ஓடவிட்டார். ஒவ்வொரு இடத்திலும் ஒன்றை எழுதி, எழுதியது அப்படியே இருக்கிறதா என்று திரும்பப் படிக்குமாம் அது. டீ வந்து குடித்து முடிப்பதற்குள் திரையில் சிவப்பு வரிகள் ஏற ஆரம்பித்தன.

"சொன்னேம்ல" என்று மச்சான் எழுந்து நின்றார். பக்கத்துக் கடை ஆட்களும் எட்டிப் பார்த்தார்கள். "பேரப் பெருசாப் போட்டு, உள்ள குப்பையப் போட்டிருக்கான். பல்லு மட்டுந்தான்யா அசலு. அத நானே சோதிச்சுட்டேன். ஜரிகையச் சோதிக்கிற மாதிரி, எச்சியத் தொட்டுத் தேய்ச்சு, திருச்சுழி போய்ச் சேர்ற வரைக்கும் கையில பொத்தியே வச்சிருந்தேன். வேர்வைக்குத் துளி கறுக்கலையே."

கடைக்காரர் மவுஸிலிருந்து கையை எடுத்தார்.

"பொத்தி வச்சிருந்தீகளா அண்ணாச்சி?"

"ஆமா. கறுக்கணும்ல, போலின்னா?"

ஜரிகை வியாபாரத்தில் அது பழைய வழக்கம்தான். போலி ஜரிகையைக் கைவேர்வையில் வைத்திருந்தால் மங்கிவிடும். மச்சான் வாழ்நாள் முழுக்க அப்படித்தான் ஆள்களைப் பிடித்திருக்கிறார். கடைக்காரர் மெமரியைக் கழற்றி, விளக்கடியில் சாய்த்துக் காட்டினார். மஞ்சள் பற்களின் மேல் மெழுகு பூசிய மாதிரி மங்கலாக ஒரு படலம். அதன் நடுவில் கட்டை விரல் ரேகை, ஆதார் அட்டைக்கு வைத்த மாதிரி தெளிவாக இருந்தது. மச்சான் அதை உற்றுப் பார்த்தார். பிறகு தன் கட்டை விரலை உற்றுப் பார்த்தார்.

"ஒரு அழிரப்பர் வேணும். அடுத்த கடையில இருக்கும்" என்றார் கடைக்காரர். "அதுலயும் ரெண்டு கம்பெனி வச்சிருப்பாக. வெல கூடுனது வேணுமா, கொறஞ்சது போதுமா அண்ணாச்சி?"

மச்சான் போய், ஒரு அழிரப்பரை வாங்கிவந்து மேசையில் வைத்தார். எனக்குத் தெரிந்து அவர் குறை சொல்லாமல் வாங்கிய முதல் சாமான் அதுதான்.

கடைக்காரர் பற்களை மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதித் தட்டி, காய்ந்த துணியால் துடைத்துச் சொருகினார். புரோகிராம் மறுபடி ஓடியது. நாங்கள் ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு வந்தும் ஓடிக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் வருகிற நேரத்தில்தான் ஓடி முடிந்தது. ஒரு சிவப்பு வரி இல்லை.

"தப்பு பொருள்ல இல்ல. பச்சையோ கறுப்போ, இந்தப் பல்லத் தொடாம வச்சிருந்தா ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் கடைக்காரர். அவர் சொன்னதை நான் நம்பினேனா என்றால், பாதி நம்பினேன். சாமான் கொஞ்சமும் பழுதில்லாமல் வேர்வை மட்டும் இவ்வளவு செய்யுமா என்று இன்னமும் ஒரு மூலையில் அரிப்பு இருக்கிறது. ஆனால் அன்றிலிருந்து அதில் சிவப்பு வரி வந்ததில்லை. பிறகு இன்னொரு கம்ப்யூட்டருக்கு வாங்கியபோது பச்சையைத்தான் உறையோடு வாங்கிவந்தேன். அதுவும் ஓடுகிறது. எது உசத்தி என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. வாங்கிய கடை நாம் போய் உட்கார்ந்து சண்டை போடுகிற தூரத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.

என் மனைவி பழைய பிரதியை எடுத்து அந்த முந்தியை முதலிலிருந்து சரிபார்த்துக் கொடுத்தாள். சேலை நெய்து வந்த அன்றைக்கு முதலாளி என்னை நிற்க வைத்தே விரித்தார். வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். ஒவ்வொரு மயிலின் கழுத்தையும் கட்டை விரலால் தடவினார். ஒன்றும் அகப்படவில்லை என்றதும் முகத்தில் சின்ன ஏமாற்றம். திருப்பிப் போட்டு இன்னொரு தரம் பார்த்தார். பிறகு அடுத்த டிசைனுக்கான படத்தை என் பக்கம் தள்ளினார். கண்ணைப் பற்றிச் சொன்னதையோ, ஒரு கை இரண்டு இடத்துக்கு வேலை பார்ப்பதாகச் சொன்னதையோ அவர் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. மதுரையைப் பற்றி மட்டும் அதற்குப் பிறகு பேசவில்லை.

வீட்டுக்கு வந்து படத்தைக் கொடுத்தேன். "மயில் கழுத்தத் தொட்டுப் பாத்தாரா?" என்று அவள் கேட்டது அவ்வளவுதான். பார்த்தார் என்றேன். படத்தை வாங்கிக்கொண்டு கம்ப்யூட்டர் அறைக்குப் போனாள். எந்தக் கோப்பையும் இன்றைக்கும் இரண்டு தரம் திறந்து பார்க்காமல் அவள் என்னிடம் கொடுப்பதில்லை. மச்சான் அந்த அறைக்குள் வருவதென்றால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் வருகிறார். கோயிலுக்குள் வருகிற மாதிரி இருக்கிறது என்று இவள் கேலி செய்தால், "இந்தச் சாமிக்கு வேர்வை ஆகாதாம்" என்கிறார்.

படம் கொண்டுவந்த அன்றைக்குச் சாயங்காலம் நானும் அவளும் ரோட்டில் நின்றிருந்தோம். தூரத்தில் ஒரு பஸ் தூசியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. எனக்கு அது பஸ்ஸா லாரியா என்பதே தெரியவில்லை.

"காரியாபட்டி" என்றாள். இந்தத் தடவை கேட்கவில்லை, சொன்னாள்.

நான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றேன். பஸ் கிட்டே வந்தது. காரியாபட்டிதான்.

அவள் என் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். "ஒங்க கண்ணத்தாங்க காட்டணும்."